கணினியின் காவல் தானே அணைவதேன்?

சங்கத்தின் பேரேடுகள் மர அலமாரியில் இருந்த காலத்தில், அவற்றைக் காப்பதற்கு ஒரு நல்ல பூட்டும், மழைக்கு ஒழுகாத கூரையும், செல்லரிக்காமலிருக்க நான்கு வேப்பிலையும் போதுமானவையாயிருந்தன. இன்று அப்பேரேடுகளிற் பெரும்பகுதி கணினிக்குள் குடியேறிவிட்டது. நூல் வழங்கிய கணக்கு, நெசவுக் கூலிக் கணக்கு, சேமிப்பு நிதிக் கணக்கு, பயிர்க்கடன், நகைக்கடன், உரம் விற்ற வரவு ஆகிய யாவும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதென 2022 ஜூன் 29-ஆம் தேதி மத்திய மந்திரிசபை முடிவு செய்து, அதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கணினியின்றி மாதாந்தரக் கணக்கை முடிப்பது அரிதாகி வருகிறது. ஆதலின், அப்பெட்டியின் நலம் குமாஸ்தா ஒருவரின் கவலை மட்டுமன்று; பங்குத்தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினரின் கவலையுமாகும்.

அலமாரிக்குப் பூட்டு எவ்வாறோ, கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் அவ்வாறு. அதைப்பற்றிச் சங்கத்தார் பலரும் ஒரே முறையீட்டைச் சொல்லக் கேட்கிறோம். திரையின் வலப்புறக் கீழ் மூலையில் கேடயம் போன்றதொரு சிறு சின்னம் இருக்கிறதல்லவா? காலையில் கணினியைத் திறந்தால் அக்கேடயத்தின்மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கற்குறி. அமுக்கிப் பார்த்தால், காவல் அணைந்திருக்கிறது என்னும் அறிவிப்பு. குமாஸ்தா மீண்டும் இயக்குகிறார், சிவப்பு மறைகிறது. மறுநாள் மறுபடியும் சிவப்பு. ஒரு வாரம் இவ்வாறு நடந்தபின் அம்மூலையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அபாயம் ஆரம்பமாவது இந்த இடத்தில்தான்.

பாவில் ஒரே இடத்தில் இழை மீண்டும் மீண்டும் அறுமானால், நல்ல நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை. அச்சுப் பல்லில் பிசிறு இருக்கிறதா, விழுது தேய்ந்துவிட்டதா, கஞ்சி சரியாக ஏறவில்லையா என்று தறியை நிறுத்திப் பார்க்கிறார். அணைந்த காவலை மீண்டும் இயக்குவது முடிச்சுப் போடுவது போன்றதே. அதை அணைத்தது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காரணம் பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும். ஒருசில வேளைகளில் அது அற்பமானதாக இராது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதையே இங்கு எழுதப் புகுந்தோம்.

காவலின் இயல்பு

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் 'டிஃபெண்டர்' என்னும் வைரஸ் தடுப்பை மைக்ரோசாப்ட் கம்பெனியார் தனி விலையின்றிச் சேர்த்தே தருகின்றனர். இது இருவகை வேலை செய்கிறது. நாம் கேட்கும்போது பெட்டி முழுவதையும் சோதிப்பது ஒன்று. எந்நேரமும் விழித்திருந்து, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும், செருகப்படும் பென் டிரைவிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் அவ்வப்போதே பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 'ரியல் டைம் புரொடெக்‌ஷன்' என்று பெயர். அணைந்துவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைப்பற்றியதே.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. டிஃபெண்டரின் இந்தக் காவலை ஒருவர் கையால் அணைத்தால், அது அணைந்தே கிடப்பதில்லை. சிறிது நேரத்திற்குப் பின் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, ஒரு கணினியில் டிஃபெண்டர் நாட்கணக்கில் அணைந்தே கிடக்கிறதென்றால், யாரோ ஒருமுறை பொத்தானை அமுக்கியதால் அவ்வாறு ஆயிற்று என்று சமாதானம் சொல்ல இயலாது. அதை எழவிடாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். இந்த ஒரு விஷயத்தை அறிந்துகொண்டாலே ஆராய்ச்சி பாதி முடிந்தது எனலாம்.

வேறொரு காவலாளி பொறுப்பேற்றிருக்கிறாரா என்பதே முதற் கேள்வி. சென்னையிலிருந்து வரும் கே7, புனேயிலிருந்து வரும் க்விக் ஹீல் போன்ற ஒன்றைச் சங்கம் விலைக்கு வாங்கி அமைத்திருந்தால், டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அது நோயன்று, முறையே. ஒரு வாயிலில் இரு காவலாளிகள் நின்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடவாது. கேடயச் சின்னத்தை அமுக்கி, 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்' என்னும் பகுதிக்குச் சென்றால், எந்த மென்பொருள் பொறுப்பில் இருக்கிறது என்பதை அங்கேயே காணலாம்.

தொல்லை விளைவது அந்த மற்றொரு காவலாளியின் தவணை தீர்ந்துபோகும்போதுதான். புதிய மடிக்கணினிகளிற் பலவற்றில், விற்கும் கம்பெனியாரே சில நாட்கள் மட்டும் செல்லும் இலவச மாதிரி வைரஸ் தடுப்பொன்றைப் போட்டு அனுப்புகின்றனர். வாங்கியவர் அதை அறிவதில்லை. தவணை முடிந்ததும் அது 'பணம் செலுத்துக' என்று அறிவிப்புக் காட்டிக்கொண்டு, காவல் புரியாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சில வேளைகளில் அதை நீக்கிவிட்டோம் என்று எண்ணியிருப்போம். ஆனால் அதன் மிச்சம் உள்ளே பதிவில் நின்றுவிடும். வேறொருவர் பொறுப்பில் இருக்கிறார் என்று நம்பி டிஃபெண்டரும் எழாது. வேலையை விட்டுப் போனவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் நிற்பதால் புதியவரை நியமிக்காதிருக்கும் நிலைமை இது. இதற்குப் பரிகாரம் எளிது. அந்த மென்பொருளைத் தயாரித்த கம்பெனியே, தன் மிச்சங்களைத் துடைத்தெடுக்கவென்று தனிக் கருவியொன்றை இலவசமாகத் தருவது வழக்கம். அதைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டி, கணினியை ஒருமுறை நிறுத்தித் திறந்தால், டிஃபெண்டர் பெரும்பாலும் தானே எழுந்துவிடும். சந்தாவைப் புதுப்பிப்பதானால் உடனே புதுப்பிக்கவேண்டும். இல்லையேல் அறவே நீக்கவேண்டும். இரண்டுங்கெட்ட நிலையில் வைத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம்.

நாட்குறிப்பைப் புரட்டுதல்

வேறு காவலாளி இல்லை, ஆயினும் டிஃபெண்டர் அணைகிறது என்றால், அது எந்த நேரத்தில் அணைகிறது என்று பார்க்கவேண்டும். கணினி தன் காரியங்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதி வருகிறது என்பதைச் சங்க ஊழியர்களிற் பலர் அறியார். 'ஈவென்ட் வியூவர்' என்பது அதன் பெயர். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் திறக்கும். அதில் 'அப்ளிகேஷன்ஸ் அண்டு சர்வீசஸ் லாக்ஸ்', அதனுள் 'மைக்ரோசாப்ட்', அதனுள் 'விண்டோஸ்', அதனுள் 'விண்டோஸ் டிஃபெண்டர்', கடைசியாக 'ஆபரேஷனல்' என்று அறைக்குள் அறையாகச் செல்லவேண்டும். அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரில் ஓர் எண்ணும், தேதியும், மணியும் குறிக்கப்பட்டிருக்கும். 5001 என்று இருந்தால் ரியல் டைம் காவல் அந்த மணிக்கு அணைந்தது என்று பொருள். 5007 என்றால் அமைப்பு ஏதோ மாற்றப்பட்டது. 1116 என்றால் தீய நிரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 5013 என்றால், யாரோ அல்லது எதுவோ அமைப்பை மாற்ற முயன்றபோது அது தடுக்கப்பட்டது. இந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கணினியருகில் ஒட்டி வைத்தால் நல்லது.

இனி அந்த மணிகளை அலுவலக நடவடிக்கையோடு ஒத்துப் பார்க்கவேண்டும். நாள்தோறும் கணினியைத் திறந்தவுடனேயே அணைகிறதா? அப்படியாயின், கணினி எழும்போதே கூட எழும் ஏதோவொரு நிரலைச் சந்தேகிக்கலாம். பிற்பகலில் ரசீது அச்சிடும் வேளையில் மட்டும் அணைகிறதா? அங்கே ஒரு மனிதக் கை இருக்கக்கூடும். வெளியிலிருந்து வந்த பென் டிரைவ் ஒன்றைச் செருகிய சில நிமிஷங்களில் அணைந்திருக்கிறதா? இரவு 2 மணிக்கு, அலுவலகம் பூட்டிக் கிடந்து கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது அணைந்திருக்கிறதா? பின்னிரண்டையும் இலேசாக விடலாகாது.

நாட்குறிப்பின் தேதிகளே பொருத்தமற்று, சென்ற வருஷத்திலோ அதற்கும் பல வருஷம் முன்னரோ நின்றால் வேறொரு காரணம் வெளிப்படும். மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் பொத்தான் போன்ற ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண்ணுடையது அது. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். சில வருஷங்களில் அது தீர்ந்துபோகும். அதன்பின் கணினியைத் திறக்குந்தோறும் தேதி பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறினால், இணையத்தில் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளத் தேவையான சான்றுகள் செல்லாதவையாகத் தோன்றும். புதிய வைரஸ் விவரங்கள் வந்து சேரா. விலைக்கு வாங்கிய மென்பொருளின் தவணைக் கணக்கும் குழம்பும். பெரிய நோயென்று பயந்து கணினியையே மாற்றத் தீர்மானம் எழுதுமுன், இந்தப் பாட்டரியை மாற்றிப் பார்ப்பது நலம். சில பத்து ரூபாய்க்குக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் இதை முதலிலேயே பார்த்துவிடலாம் என்பது நம் யோசனை.

மனிதக் கை

குமாஸ்தாவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கூலி பட்டுவாடா நாளில் வாசலில் நாற்பது பேர் காத்திருக்க, ரசீது நிரல் திறக்க மறுத்தால் யாருக்கும் பொறுமை தவறும். கணக்கு மென்பொருளின் ஒரு கோப்பைத் தீயதென்று தவறாக எண்ணி டிஃபெண்டர் ஒதுக்கி வைப்பதுண்டு. பழைய அச்சுப்பொறி நிரலையும், கைரேகைக் கருவியின் நிரலையும் அவ்வாறு தடுப்பதுண்டு. பழுது பார்க்க வந்தவர் "இதை அணைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிப் போய்விடுகிறார். அன்று முதல் காவலை அணைப்பது அலுவலக வழக்கமாகிவிடுகிறது.

சரியான முறை வேறு. அந்த நிரலைத் தயாரித்தவரிடம் கேட்டு, அக்கோப்பு நல்லதுதான் என்று உறுதி செய்துகொண்டு, அதற்கு மட்டும் விலக்கு அளிக்கவேண்டும். 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்னும் பட்டியலில் அதன் இடத்தைக் குறித்தால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த விலக்குப் பட்டியலை ஏற்கெனவே யாராவது நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று அவசியம் பார்க்கவேண்டும். 'சி' என்னும் வட்டு முழுவதற்கும் விலக்களித்து வைத்திருக்கும் கணினிகளும் உண்டு. அங்கே சிவப்புக் குறி தோன்றாது. காவல் விழித்திருப்பதாகவே காட்டும். கண் மட்டும் தெரியாது. தீய நிரல்களிற் பலவும் உள்ளே நுழைந்தவுடன் தம் இருப்பிடத்தை இப்பட்டியலில் எழுதிக்கொள்கின்றன. சங்கம் அறியாமல் எழுதப்பட்ட விலக்கு எதுவாயினும் அதை நீக்கிவிடவேண்டும்.

குமாஸ்தாவுக்கு அணைக்கும் அதிகாரமே இல்லாதவாறு செய்வதும் எளிதே. விண்டோஸில் நிர்வாகி கணக்கு, சாதாரணக் கணக்கு என இருவகை உண்டு. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும். அதிலிருந்து காவலை அணைக்க முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அக்கடவுச்சொல் காரியதரிசியிடம் இருக்கட்டும். இதனால் வேறொரு நன்மையும் உண்டு: குமாஸ்தா தெரியாமல் திறந்துவிடும் தீய நிரலுக்கும் அதே தடை நேரும். பெட்டிச் சாவியை ஒருவரும் கணக்கை ஒருவரும் வைத்திருக்கும் சங்க வழக்கத்திற்கு இது மிகவும் ஒத்தது. ஆயினும் பெரும்பாலான அலுவலகங்களில் எல்லாரும் நிர்வாகி கணக்கிலேயே உட்கார்ந்திருப்பதைக் காண வருத்தமாயிருக்கிறது.

அதே பக்கத்தில் 'டேம்பர் புரொடெக்‌ஷன்' என்று மற்றொரு பொத்தான் உண்டு. 2019-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து இது இருந்து வருகிறது. வேறு நிரல்கள் மறைமுகமாக டிஃபெண்டரின் அமைப்புகளைத் திருத்துவதை இது தடுக்கிறது. சொந்த உபயோகக் கணினிகளில் இயல்பாகவே இயங்கும். இது அணைந்திருக்கக் கண்டால், யார் அணைத்தார் என்று கேட்காமல் விடக்கூடாது.

கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் என்ன? திருட்டுப் பிரதி! பணம் கொடுக்காமல் ஆபீஸ் மென்பொருளையோ விண்டோஸையோ 'திறந்துவிடும்' சில சிறு நிரல்கள் கைமாறித் திரிகின்றன. அவற்றோடு வரும் குறிப்பில் முதல் வரியே "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டுக" என்பதாயிருக்கும். களத்துமேட்டில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுகிறவனிடம் நாம் ஏதும் கேட்கமாட்டோமா? கணினியில் மட்டும் கேளாமல் செய்துவிடுகிறோம். இத்தகைய நிரல்களிற் சில, விலக்குப் பட்டியலில் தம்மை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் கூடவே எழுகின்றன. உள்ளே வேறெதைக் கொண்டுவந்தன என்பது ஓட்டியவருக்கும் தெரியாது. எழுத்து வேலைக்கும் அட்டவணை வேலைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் நேர்மையாகவே கிடைக்கின்றன, தமிழிலும் எழுதலாம். சங்கத்துக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை.

இன்னொரு அறிகுறியையும் குறிப்பிடவேண்டும். காவலை இயக்கும் பொத்தான் மங்கிப்போய், உங்கள் நிர்வாகி இதைத் தம் வசம் வைத்திருக்கிறார் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுவதுண்டு. மாவட்ட வங்கியோ, கணினிமயத் திட்டத்தாரோ கணினியை மையத்திலிருந்து நிர்வகித்தால் இது முறையானதே; அவர்களைக் கேட்காமல் எதையும் மாற்றலாகாது. ஆனால் கடையில் நாமே வாங்கிவந்த தனிக் கணினியில் இவ்வரி தோன்றினால், அந்த 'நிர்வாகி' யார்? விண்டோஸின் உட்பதிவேட்டில் ஒரு வரி எழுதி டிஃபெண்டரை முற்றிலும் நிறுத்திவிடும் பழைய தந்திரம் ஒன்று இருந்தது. தனியார் கணினிகளில் அவ்வரி செல்லாதென 2020 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் மாற்றிவிட்டது. அதன் பின்னர் புதுப்பிக்கப்படாத கணினிகளில் அது இன்றும் பலிக்கும். புதுப்பித்தலைத் தள்ளிப்போடுவதன் பலன் இப்படிப் பல இடங்களில் தலைகாட்டுகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான இலவச ஆதரவு நின்றுவிட்டது என்பதையும் நிர்வாக சபையினர் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நினைவிற்கொள்வது நன்று.

காரணம் நோயேயானால்

தீய நிரல் எழுதுகிறவர்கள் மூடர்களல்லர். வீட்டில் நாய் இருப்பதை அறிந்த திருடன் முதலில் நாயைக் கவனிப்பது போல, அவர்களும் முதலில் வைரஸ் தடுப்பைத்தான் கவனிக்கிறார்கள். 2008 நவம்பரில் 'கான்ஃபிக்கர்' என்னும் புழு வெளிப்பட்டது. அது கணினியில் புகுந்ததும் விண்டோஸ் புதுப்பித்தலை நிறுத்தியது, டிஃபெண்டரை நிறுத்தியது, வைரஸ் தடுப்புக் கம்பெனிகளின் தளங்களுக்குச் செல்ல முடியாமலும் வழியடைத்தது. அடுத்து வந்த அதன் வகை பென் டிரைவ் மூலமாகவும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது என்பதுதான் பரிதாபம். திருத்தத்தை ஏற்றாத கணினிகள் இலட்சக்கணக்கில் விழுந்தன. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' உலகெங்கும் கணக்குகளைப் பூட்டிப் பணம் கேட்டபோதும் கதை அதேதான். அதற்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. கணக்குகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கூட்டத்தார், பூட்டுப் போடுமுன் காவலை அணைப்பதையே இப்போது முதல் வேலையாகக் கொண்டிருக்கிறார்கள்.

கூட்டுறவுத் துறை இத்தகைய ஆபத்துகளுக்குப் புறம்பானதன்று. 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்பில் தீய நிரல் புகுத்தப்பட்டு, 94 கோடி ரூபாய்க்கு மேல் களவாடப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி பல நாடுகளின் ஏ.டி.எம்.களிலிருந்து எடுக்கப்பட்டது. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்குதலுக்குள்ளாகியதும், நாட்டின் சில்லறைப் பணப்பட்டுவாடா அமைப்பிலிருந்து அது தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அந்நாட்களில் பணம் அனுப்பவும் பெறவும் முடியாமல் தவித்தனர். இவ்விரண்டிற்கும் அணைந்துபோன டிஃபெண்டருக்கும் தொடர்புண்டு என்று நாம் சொல்லவரவில்லை. கணக்கு முடங்கினால் முதலில் கை ஓய்வது யாருடைய அடுப்பு என்பதையே எண்ணிப் பார்க்கிறோம். வாரக் கூலியை நம்பியிருக்கும் நெசவாளர் வீட்டில் ஒரு வாரம் என்பது சிறிய காலமன்று.

ஆகவே அறிகுறிகள் நோயின் பக்கமே சாயுமானால், அதாவது இயக்கிய காவல் நிமிஷங்களில் மறுபடி அணைந்தால், வைரஸ் தடுப்புத் தளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், சங்கம் எழுதாத விலக்குகள் நீக்கியும் திரும்ப வந்தால், முதற்காரியமாக இணையக் கம்பியைப் பிடுங்கவேண்டும். வைஃபை இருந்தால் அதையும் துண்டிக்கவேண்டும். அலுவலகத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தால் அந்தப் பிணைப்பையும் எடுத்துவிடவேண்டும். அந்தக் கணினியிலிருந்து வங்கித் தளத்திற்குள் நுழைவதோ பணம் அனுப்புவதோ அறவே கூடாது. அதில் செருகியிருந்த பென் டிரைவை வேறொன்றில் செருகவும் கூடாது.

அதன்பின் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்னும் வசதியை உபயோகிக்கலாம். இது கணினியை நிறுத்தி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை செய்கிறது. ஏறக்குறைய 15 நிமிஷம் பிடிக்கும். இதன் சிறப்பு யாதெனில், விண்டோஸோடு எழுந்து காவலை அமுக்கும் நிரல், அந்த வேளையில் தானே எழாமல் கிடக்கும், அகப்பட்டுக்கொள்ளும். தொடங்குமுன் திறந்துள்ள கணக்குகளை மூடிவிடவேண்டும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' மூலமாகவும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கின்றன; அவற்றை வேறொரு நல்ல கணினியிலிருந்து எடுத்துவரவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் காவல் எழுந்து ஒரு வாரம் நிலைத்தால் சரி. மீண்டும் அணைந்தால், அந்தக் கணினியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே விவேகம். 'அவ்வளவு வேலையா' என்று மலைப்பவர்களுக்கு நாம் கேட்பது ஒன்றே: கணக்கின் மறுபிரதி எங்கே இருக்கிறது? அதே கணினியின் வேறொரு மூலையில் இருந்தால் அது மறுபிரதியாகாது. எந்நேரமும் செருகியே இருக்கும் வெளிவட்டில் இருந்தாலும் ஆகாது. பூட்டுப் போடும் நிரல் அதையும் பூட்டிவிடும். வாரம் ஒருமுறை வெளிவட்டில் எடுத்து, கழற்றி, இரும்புப் பெட்டியில் வைத்திருக்கும் சங்கம் அரை நாளில் எழுந்து நிற்கும். மற்றதன் நிலைமையை எழுதவே மனம் வரவில்லை.

பணம் ஏதேனும் போயிருப்பதாகத் தெரிந்தால் 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அக்கணமே சொல்லவேண்டும். காலதாமதம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகும். மாவட்ட வங்கிக்கும் உடனே அறிவிக்கவேண்டும். நிர்வாக சபைக்குத் தெரிந்தால் அவமானமென்று மறைத்து வைப்பதைக் காட்டிலும் பெரிய தீங்கு வேறில்லை. மகாசபையில் அங்கத்தினரும், காவல் இயங்குகிறதா, மறுபிரதி கடைசியாக எடுத்த தேதி எது என்று காரியதரிசியைக் கேட்க முழு உரிமையுடையவர்களே. லாப ஈவைப் பற்றிக் கேட்பது போல இதையும் கேட்கலாம்.

கணினி புதிதாக எழுந்தபின், வேறொரு நல்ல கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றவேண்டும். வங்கிக் கணக்கின் சொல் முதலாவது, மின்னஞ்சலின் சொல் இரண்டாவது. பிறகு சாதாரணக் கணக்கொன்றை ஏற்படுத்தி, டேம்பர் புரொடெக்‌ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, மறுபிரதியைச் சோதித்த பின்னரே உள்ளே ஏற்றவேண்டும். அலுவலக மேசை அறைகளில் கிடக்கும் பழைய பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்வரை ஒரு டப்பாவிலிட்டு மூடி வைக்கலாம். கடைசியாக, மறுபிரதி எடுத்த நாளுக்கும் கணினி விழுந்த நாளுக்கும் இடையிலுள்ள பதிவுகளை நிரப்பியாகவேண்டும். அதற்கு ரசீதுக் கட்டுகளும் அங்கத்தினர் கையிலுள்ள பாஸ் புத்தகங்களுமே துணை. அடுத்த கூலி பட்டுவாடா நாளில் அங்கத்தினர்கள் அனைவரும் தத்தம் பாஸ் புத்தகத்தைத் தவறாமல் கொண்டுவரும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டு, வந்தவர் வந்தவருடைய இருப்பைத் திரையில் உள்ளதோடு அவரெதிரிலேயே ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளவேண்டும்.